நிறம் காட்டாத மருந்து

அலுமினியம் துருப்பிடிக்காது என்று பலர் சொல்வார்கள். அவர்கள் கடலில் கிடந்த அலுமினியத்தைப் பார்த்ததில்லை. உப்பு அதைச் சிவப்பாகத் தின்னாது, வெள்ளையாகத் தின்னும். பெயின்ற்றுக்கு அடியில் மா போலப் பூக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பெருவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும். அது நடக்காமல் பார்ப்பதுதான் என் வேலை.

திருகோணமலைத் துறைமுகத்து மதிலுக்குள் ஒரு படகுப் பட்டறை. அங்கே பதினொரு வருடம் வேலை செய்தேன். எல்லாம் சண்டை நடந்த வருடங்கள்.

வேலை இப்படி. தகட்டைச் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். அசிட் பூசி மறுபடி கழுவ வேண்டும். பிறகு மஞ்சள் மருந்தைப் பிறஷால் இழுக்க வேண்டும். மூன்று நிமிடம் விட்டால் வெள்ளித் தகடு பொன் நிறத்துக்கு வரும். கழுவிக் காயவிட்டு, அதன்மேல் பெயின்ற். மருந்து பிடித்த இடத்தில் பெயின்ற் கழலாது. உப்பும் நுழையாது. மருந்துக்குள் இருப்பது குரோமியம் என்று பிறகுதான் அறிந்தேன். எங்களுக்கு அது மஞ்சள் மருந்து. கழுவிய தண்ணீர் சிமெந்து வாய்க்காலால் ஓடி, படகு கட்டும் ஜெற்றிக்குக் கீழே கடலில் விழும். விழுகிற இடத்தில் கல்லில் பாசி இல்லை.

மருந்துப் பீப்பாயில் மண்டையோட்டுப் படம் இருந்தது. அதற்கு யாரோ கரியால் மீசை கீறியிருந்தார்கள். முதலாளி என்று கீழே எழுதியும் இருந்தது. கீறியவரை நாங்கள் நானா என்போம்; முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கிண்ணியா ஆள், பட்டறையின் வெல்டிங்காரர். தினமும் துறை கடந்து வருவார். என்னைவிட நாலைந்து வயது கூட. தகட்டை ஒட்டுகிறது அவர், பூசுகிறது நான். முதலாளி நகரத்துத் தமிழர். அவருக்கு அந்த எழுத்தைப் படித்தும் கோபம் வரவில்லை. மீசை சரியில்லை என்று மட்டும் சொன்னார்.

முதல் வருடத்திலேயே விரல் இடுக்குகளில் சின்னச் சின்னக் குழிப்புண் வந்தது. வலி இல்லை. ஆறவும் இல்லை. நகம் மஞ்சளாகிவிட்டது. பிறகு மூக்கில் பொருக்குக் கட்டியது. பொருக்கு விழுந்தால் இரத்தம். தலையணை உறையை மனைவி தினமும் துவைத்தாள். ஒரு காலை அவள் உறையை என் மடியில் போட்டாள்.

"இண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறியளோ, இல்லாட்டி இதை நீங்களே தோயுங்கோ."

போனேன். டொக்டர் மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"என்ன வேலை செய்யிறீங்கள்?"

சொன்னேன்.

"மூக்கின்ர நடுத்தண்டில ஓட்டை விழுந்திட்டுது. சின்ன ஓட்டைதான். அந்த மருந்தைத் தொடாம விட்டீங்கள் எண்டால் அதோட நிக்கும். விடாட்டி பெருக்கும். பிறகு நெஞ்சுக்குள்ளயும் இறங்கும். வேலையை விடுங்கோ."

"விட ஏலாது டொக்டர்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஊரில் அப்போது ஒருவரும் அப்படிக் கேட்பதில்லை.

நான் ஈச்சிலம்பற்றில் பிறந்தவன். அடையாள அட்டையில் அந்த ஊர்தான் இருக்கும். சண்டை அந்தப் பக்கம் கடுமையானபோது மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குள், லிங்கநகரில் ஓர் அறைக்கு வந்தேன். லிங்கநகரில் சுற்றிவளைப்பு அடிக்கடி நடக்கும். ஆண்களை ரோட்டில் இருத்தி அட்டையைப் பார்ப்பார்கள். ஈச்சிலம்பற்று என்று கண்டால், இயக்கம் இருக்கிற ஊர் என்று ஒரு பக்கமாக இருத்துவார்கள். ஒரு பக்கமாக இருத்தப்பட்டவர்களில் சிலர் வீட்டுக்கு வரவில்லை. என்னையும் மூன்று முறை இருத்தினார்கள். மூன்று முறையும் துறைமுகப் பாஸைக் காட்டினேன். கடற்படை முத்திரை குத்திய பாஸ். எழுப்பி விட்டார்கள்.

பாஸ் முதலாளியின் கையெழுத்தில் வருவது. வேலை இருக்கிறவரைதான் பாஸ். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பட்டறையில் வேறு வேலை எனக்குத் தெரியாது, அவற்றுக்கு ஆளும் தேவையில்லை. பூசுகிறவன் நான் ஒருத்தன்.

ஆகவே மருந்தை விட்டால் பாஸ் இல்லை. மருந்தோடு இருந்தால் மூக்கு இல்லை. வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி யோசித்துவிட்டு, துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு போகச் சொன்னாள். கட்டினேன். துறைமுக வாசலில் காவல் நிற்கிற சென்றியில் அவிழ்க்கச் சொன்னார்கள். முகம் மூடியவன் உள்ளே போகக் கூடாது. உள்ளே போய்த் திரும்பவும் கட்டினேன். வெயிலில் துணி வியர்வையில் நனைந்து மருந்தையும் குடித்து, மூக்கு இன்னும் எரிந்தது. விட்டுவிட்டேன்.

அப்படி இருக்கையில்தான் நாலு படகுக்கு ஓடர் வந்தது. உதவி நிறுவனம் ஒன்று. மூதூர்ப் பக்கத்தில் இருந்து நோயாளிகளைக் குடாவால் இந்தப் பக்கம் கொண்டுவர அலுமினியப் படகு. அவர்களுடைய இஞ்சினியர் ஒரு வெள்ளைக்காரர், நெடுவல். கூடவே கொழும்பில் இருந்து மொழி மாற்றிச் சொல்ல ஓர் இளம் பெண்பிள்ளை. இஞ்சினியர் பட்டறை முழுவதும் நடந்தார். வாய்க்காலைப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார். பிறகு என் கையைக் கேட்டார். நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளியோடு கதைத்தார். அந்தப் பிள்ளை தமிழில் சொன்னது.

"எங்கட படகுக்கு இந்த மஞ்சள் போட ஏலாதாம். ஆளுக்கும் கூடாது, கடலுக்கும் கூடாதாம். வேற மருந்து தாறாராம். அதில இந்த நஞ்சு இல்லையாம்."

முதலாளி சொன்னார், "இதைப்போல நிக்குமோ எண்டு கேளுங்கோ."

"சரியாப் பூசினால் நிக்குமாம். முதல் ரெண்டு தகட்டில பூசி மூண்டு கிழமை கடலில தொங்கவிட்டுப் பாப்பமாம். ஒண்டு உங்கட மருந்து, ஒண்டு அவற்ற மருந்து. அவற்றது கழண்டால் பிறகு கதைப்பமாம்."

அன்று மத்தியானம் நான் சோற்றுப் பார்சலை முழுவதும் சாப்பிட்டேன். நானா பார்த்துவிட்டுச் சொன்னார்.

"என்ன தம்பி, வெள்ளக்காரன் கையப் புடிச்சதும் பசி வந்திட்டு."

புது மருந்து வெள்ளைப் பிளாஸ்ரிக் கானில் வந்தது. திறந்து பார்த்தேன். தண்ணீர். மணமும் இல்லை. இஞ்சினியர் ஒரு தகட்டைக் கழுவிக் காட்டினார். கழுவிய தகட்டில் தண்ணீரை வார்த்தார். தண்ணீர் ஒரே பாயாக விரிந்து நின்றது. இன்னொரு தகட்டில் விரலைத் தேய்த்துவிட்டு வார்த்தார். தேய்த்த இடத்தில் தண்ணீர் பிரிந்து துளித்துளியாக உருண்டது. பாயாக நின்றால் சுத்தம், அதில்தான் மருந்து பிடிக்கும், துளியானால் மறுபடி கழுவு என்று அந்தப் பிள்ளை சொன்னது. கிணற்றுத் தண்ணீர் கூடாது, உவர், நல்ல தண்ணீரால் கழுவு என்றும் சொன்னது. ஓம் ஓம் என்றேன். மனதில் ஏறவில்லை. தண்ணீரைத் தண்ணீரால் பார்க்கிற வேலை என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு தகட்டில் பூசினேன். மூன்று நிமிடம் நின்றேன். ஐந்து நிமிடம் நின்றேன். தகடு பூசுவதற்கு முன்னால் எப்படியோ அப்படியே இருந்தது. எங்கே இழுத்தேன், எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலாளி வந்தார். தகட்டைத் தூக்கி வெயிலில் சரித்துப் பார்த்தார்.

"பூசினனியோ?"

"பூசினனான் முதலாளி."

"எங்க?"

"முழுக்க."

"மஞ்சள் எண்டால் பதினைஞ்சடி தூரத்தில நிண்டு சொல்லுவன், எந்த இடம் விட்டுப்போச்செண்டு. இதை நான் என்னெண்டு நம்பிறது? நாலு படகு தம்பி. கண்ணுக்குத் தெரியாத ஒண்டைப் பூசிக் கடலில விட்டுட்டு நான் நித்திரை கொள்ள ஏலாது. பாப்பம். சரிவராட்டி மஞ்சள்தான் எண்டு அவருக்குச் சொல்லுவன்."

அவர் மோசமான மனுசன் இல்லை. அவர் சொன்னதில் பிழையும் இல்லை. எனக்கும் அந்தத் தண்ணீரில் நம்பிக்கை இல்லை. ஆனால் எனக்கு அந்தத் தண்ணீர் வேண்டும்.

வீட்டுக்குப் போனேன். மனைவி குசினியில் மீன் கழுவி மஞ்சள் பிரட்டிக்கொண்டிருந்தாள். மீன் துண்டு முழுவதும் மஞ்சள். விட்ட இடம் தெரிந்தது. அவள் விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பூசினாள்.

அடுத்த நாள் காலை மஞ்சள் தூளில் இரண்டு கரண்டி பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

துறைமுகத்துக்குள் போக மூன்று சென்றி. முதல் இரண்டிலும் உடம்பைத் தடவிப் பார்த்து விட்டார்கள். மூன்றாவதில் நின்றவன் புதுப் பொடியன். பேப்பரை எடுத்து விரித்தான்.

"மே மொனவத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"கஹ, மாத்தையா." மஞ்சள் என்று அவனுடைய பாசையில் சொன்னேன்.

அவன் தூளைப் பார்த்தான். என் விரல்களைப் பார்த்தான். விரலும் மஞ்சள். பின்னுக்கு இருந்தவனைக் கூப்பிட்டான். அவனும் வந்து பார்த்தான். வெடிமருந்து என்று நினைத்திருப்பார்கள். படகுப் பட்டறைக்கு மஞ்சள் எதற்கு என்று கேட்டார்கள். மீன் சமைக்க என்றேன். வாயில் போடச் சொன்னான். ஒரு சிட்டிகை போட்டேன். இன்னும் என்றான். போட்டேன். தொண்டையில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்கவில்லை. அவர்கள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஒன்றும் நடக்காததைக் கண்டு உள்ளே போக விட்டார்கள். பையில் ஒரு கரண்டி மிஞ்சியது.

அதைப் புது மருந்தில் கரைத்தேன். சின்ன டப்பாவில் எடுத்துக் கரைத்தேன். நிறம் வந்தது. தகட்டில் இழுத்தேன். விட்ட இடம் தெரிந்தது. கிணற்றுத் தண்ணீரால் கழுவிய பிறகும் லேசாக மஞ்சள் நின்றது. பழைய மருந்தின் பொன் நிறம் இல்லை. ஆனாலும் மஞ்சள்.

முதலாளி வந்து பார்த்தார்.

"இப்ப நிறம் குடுக்குதே."

"ஓம்."

"நேற்று ஏன் தெரியேல்ல?"

"காயக் காயத்தான் வரும் போல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். பொய் சொன்னேன். அதன்மேல் பெயின்ற் அடித்தேன். பழைய மருந்துத் தகட்டுக்கு ஒரு குத்து, புதுத் தகட்டுக்கு இரண்டு குத்து உளியால் அடையாளம் போட்டேன். இரண்டிலும் கத்தியால் குறுக்காகக் கீறல் போட்டோம். கீறலுக்குள்தான் உப்பு முதலில் போகும். கயிற்றில் கட்டி ஜெற்றிக்குக் கீழே கடல் தொட்டுவிடும் உயரத்தில் தொங்கவிட்டோம்.

இரண்டு கிழமை போனது. ஒரு நாள் பத்து மணிபோல் குடாவுக்கு அங்கால் பீரங்கிச் செல் விழத் தொடங்கியது. பிறகு இந்தப் பக்கமும் விழுந்தது. துறைமுகக் கேற்றைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பவன் உள்ளே, வெளியே இருப்பவன் வெளியே. ஊரடங்கு. பட்டறைக்குள் அன்று நானும் நானாவும் மட்டும். முதலாளி காலையில் வங்கிக்குப் போனவர் அங்காலேயே நின்றுவிட்டார். ரெலிபோன் வேலை செய்யவில்லை.

நாலு நாள் அப்படிக் கிடந்தோம். பிஸ்கற் இருந்தது. அரிசி கொஞ்சம் இருந்தது. நல்ல தண்ணீர் ஒரு கான் இருந்தது. அதைப் பிரித்துக்கொண்டோம், ஆளுக்கு மூன்று போத்தல்தான். சத்தம் வரும்போது படகின் வயிற்றுக்குக் கீழே படுத்தோம். அலுமினியத் தகடு செல்லைத் தடுக்காது. இருவருக்கும் தெரியும். ஆனாலும் படுத்தோம்.

நானாவின் வீடு கிண்ணியாவில், என் வீடு லிங்கநகரில். இரண்டில் எந்தப் பக்கம் விழுகிறது என்று சத்தத்தை வைத்துக் கணக்குப் பார்த்தோம்.

"அது கிண்ணியா இல்ல," என்பார் அவர்.

"லிங்கநகரும் இல்லை," என்பேன்.

பிறகு அடுத்த சத்தத்துக்குக் காது கொடுப்போம்.

இரண்டாம் நாள் பகல் சத்தம் குறைந்தபோது ஜெற்றிக்குப் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். வேறு வேலை இல்லை. ஒரு குத்துத் தகடு நன்றாக இருந்தது. இரண்டு குத்துத் தகட்டில் கீறலைச் சுற்றிக் கொப்புளம். நகத்தால் தொட்டேன். பெயின்ற் தோலாக உரிந்து வந்தது. அடியில் வெள்ளை மா. மாவோடு மஞ்சள்.

ஜெற்றியிலேயே குந்தி இருந்துவிட்டேன். செல் விழுந்தால் விழட்டும் என்றுதான் இருந்தேன். நானா வந்து தகட்டைப் பார்த்தார்.

"வெள்ளக்காரன்ட தண்ணி கழண்டிட்டு."

"தண்ணியில பிழையோ தெரியாது நானா. நான் மஞ்சள் கலந்தனான்."

"என்ன மஞ்சள்?"

"கறிக்குப் போடுறது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தகட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார்.

"அதான் பாத்தன், கடலுக்க இருந்து மீன் குழம்பு வாசம் வருதெண்டு. உப்பும் புளியும் போட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே சிரித்து முடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். என் மூக்கு விசயம் அவருக்குத் தெரியும். டொக்டர் சொன்னதும் தெரியும்.

"ஒரு குத்துத் தகட்டில இன்னொரு குத்துக் குத்துங்க," என்றார். "இதத் தூக்கிக் கடலுக்க போடுங்க. பழைய மருந்துத் தகட்டக் காட்டி இதான் புது மருந்தெண்டு சொல்லுங்க. ஆருக்குத் தெரியும்? மஞ்சளில இருந்து ஒங்கள விட்டிருவாங்க."

யோசித்தேன். பொய் என்பதற்காக இல்லை. பொய் முன்னமே சொன்னவன்தான். ஆனால் அந்தத் தண்ணீர் உண்மையில் நிற்குமா நிற்காதா என்று எனக்கே தெரியாது. நிற்காத மருந்தை நாலு படகில் பூசினால் ஆறு மாதத்தில் படகு ஓட்டையாகும். ஏறுகிறவன் ஈச்சிலம்பற்றுக்காரனாயும் இருப்பான். அப்போது யார் பூசினது என்று தேடுவார்கள். பாஸில் என் படம் இருக்கிறது.

"முதல் அது நிக்குமோ எண்டு பாப்பம்," என்றேன்.

பெயின்ற் அறைக்குள் இன்னொரு தகடு எடுத்தேன். சவர்க்காரம், அசிட், பழைய மாதிரியே. கழுவத் தண்ணீர் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவர். அந்த வெள்ளைக்காரர் வேண்டாம் என்றது அதுதான். என் பங்குத் தண்ணீர் இரண்டு போத்தல் மிச்சம் இருந்தது. ஒரு போத்தலை வார்த்துக் கழுவினேன்.

"குடிக்க இல்லாத தண்ணிய இவர் தகட்டுக்கு வாக்கிறார்," என்று நானா யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

தகட்டைச் சரித்துப் பார்த்தேன். ஒரு மூலையில் தண்ணீர் பிரிந்து உருண்டது. என் விரல் பட்ட இடம். அந்த மூலையை மறுபடி தேய்த்தேன். இரண்டாவது போத்தலும் போனது. இந்த முறை தண்ணீர் மூலைக்கு மூலை ஒரே பாயாக நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மஞ்சள் மருந்து பிடித்த பிறகு காட்டும். இதில் கழுவுகிற தண்ணீர், மருந்து பிடிக்க முன்னமே காட்டுகிறது. பார்க்க வேண்டிய நேரம் வேறு. அவர் அன்று காட்டியது இதைத்தான். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றேன், பார்க்கவில்லை.

நிறமில்லாத மருந்தைப் பூசினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கழுவ வேண்டும், தண்ணீர் இல்லை. நானா தன் கடைசிப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஊத்துங்க. குழம்பு வைக்காம ஊத்துங்க."

காய்ந்ததும் பெயின்ற் அடித்தேன். மறுநாள் மூன்று குத்துப் போட்டுக் கீறித் தொங்கவிட்டேன். மிச்ச இரண்டு நாளும் உவர்த்தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தோம். வயிறு போனது.

ஐந்தாம் நாள் காலை கேற்றைத் திறந்தார்கள். என் பெயரைப் பதிந்துவிட்டு வெளியே விட்டார்கள். லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில் ஒன்றும் விழவில்லை. மனைவி வாசலில் நின்றாள். பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி வைத்தாள். நானாவின் வீட்டிலும் எல்லாரும் சுகம் என்று இரண்டு நாள் கழித்து அறிந்தேன்.

மூன்றாம் கிழமை முடிந்தது. இஞ்சினியர் வருகிற அன்று காலை முதலாளி தகடுகளை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். இரண்டு குத்துத் தகட்டைப் பார்த்தார். உரிந்த பெயின்ற்றைக் கிள்ளினார்.

"நான் சொன்னனான்தானே. இதைக் காட்டி மஞ்சளுக்குப் போவம் எண்டு சொல்லுறன். அவரும் ஒண்டும் சொல்ல ஏலாது."

நானா வெல்டிங் செய்வதை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"முதலாளி, அது மருந்தின்ர பிழை இல்லை. நான் மஞ்சள் தூள் கலந்தனான்."

"என்னத்தை?"

"சமைக்கிற மஞ்சள். உங்களுக்கு நிறம் தெரியட்டும் எண்டு."

அவர் தகட்டை மேசையில் வைத்தார்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல."

"காயக் காய வரும் எண்டு சொன்னாய்."

"ஓம். பொய்."

"உன்ர பாஸ் என்ர கையெழுத்திலதான் நிக்குது. அது தெரியுமோ உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செய்தனியோ?"

"ஓம். மஞ்சள் மருந்து இனி எனக்கு ஏலாது முதலாளி. மூக்கில ஓட்டை விழுந்திட்டுது. இதை நீங்கள் வேண்டாம் எண்டால் எனக்கு வேற வழி இல்லை. அதுதான்."

பதினொரு வருடத்தில் அவரோடு நான் அவ்வளவு கதைத்தது அன்றுதான். மூன்றாவது தகட்டை அவர் முன்னால் வைத்தேன். இது தூள் போடாதது, நல்ல தண்ணீரில் கழுவினது, ஐந்து நாள்தான் கடலில் கிடந்தது என்றேன். அவர் தொட்டுப் பார்த்தார்.

இஞ்சினியர் வந்தார். முதலாளி மூன்று தகட்டையும் வரிசையாக வைத்தார். மறைக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் சொன்னார்.

"ரெண்டாவதை இவன் சமைச்சுப் போட்டான் எண்டு சொல்லுங்கோ."

அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினார். அது வெள்ளைக்காரருக்குச் சொன்னது. அவர் தகட்டை எடுத்து மணந்து பார்த்தார். நானா அங்கால் திரும்பித் தோள் குலுங்க நின்றார். இஞ்சினியர் சிரிக்கவில்லை. தூளில் எண்ணெய் இருக்கிறது, எண்ணெய்க்கு மேல் பெயின்ற் நிற்காது என்று சொல்லச் சொன்னார். பிறகு மூன்றாவது தகட்டில் அகலமான பசை ரேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தார். ரேப் வெறுமையாக வந்தது. இன்னொரு பக்கத்திலும் இழுத்தார். அதுவும் வெறுமை.

"நல்ல தண்ணி எங்கால எடுத்ததெண்டு கேக்கிறார்," என்றது பிள்ளை.

"குடிக்க வைச்சிருந்தது," என்றேன்.

அந்தப் பிள்ளை அதை அவருக்குச் சொல்ல எடுத்த நேரம் கொஞ்சம் நீண்டது. நாலு நாள் பூட்டியதையும் சேர்த்துச் சொல்லியிருக்கும். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். பிள்ளை அதைத் தமிழில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தகடு இன்னும் மூன்று கிழமை கடலில் கிடந்தது. பெயின்ற் கழலவில்லை. நாலு படகுக்கும் புது மருந்து என்று முடிவானது. பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் எடுக்க முதலாளி ஒத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அவையின்ர படகுக்குப் புதுசு. சரி. பழைய பீப்பாயில அரைவாசி கிடக்கு. அதை என்ன செய்யிறது?"

நான் பீப்பாயைப் பார்த்தேன்.

"வெளியில கொண்டுபோக நேவி விடாது. கடலில ஊத்த இந்த வெள்ளைக்காரன் விடான், ஊத்தினால் ஓடரும் போகும். ஊர்க்காரற்ற படகு வரும்போது பூசித்தான் முடிக்கோணும். வேற ஆளுக்குப் பாஸ் எடுக்க ஏலாது. நீ முடிச்சுத் தா. பிறகு பட்டறையில மஞ்சள் வாங்க மாட்டன். இல்லாட்டிப் பாஸை வைச்சிட்டுப் போ. பொய் சொன்னவனை நான் துரத்தேல்ல. அதையும் யோசி."

யோசித்தேன். எங்கே நின்று யோசித்தாலும் அதே இடம். மதிலுக்கு வெளியே போனால் ரோட்டில் ஒரு பக்கமாக இருக்க வேண்டும். உள்ளே நின்றால் அரைப் பீப்பாய்.

"முடிச்சுத் தாறன்," என்றேன். "கழுவிற தண்ணியைக் கடலுக்க விடமாட்டன். பீப்பாயில பிடிப்பன்."

"உன்ர விருப்பம்."

இஞ்சினியர் ரப்பர் கையுறையும் மூக்குக்கு வடிகட்டி வைத்த மூடியும் தந்தார். மூடியைச் சென்றியில் கொண்டுபோக முடியாது என்று பட்டறையிலேயே வைத்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. பிறஷால் மெல்ல இழுத்தேன். காற்று என் முதுகுப் பக்கம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் பூசினேன். ஊர்ப் படகு மாதத்துக்கு ஒன்று வரும், சில மாதம் வராது. சண்டையில் யார் படகு பூசுவது. ஒரு குச்சியைப் பீப்பாய்க்குள் விட்டு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன். குறையாதது போலவே இருக்கும்.

நாலு படகையும் புது மருந்தில் முடித்தோம். அவை குடாவில் ஓடின. இடையிடையே மஞ்சளும் பூசினேன். ஒரு கை அதில், ஒரு கை இதில். புதுப் படகில் பூசும் நாட்களில் மூக்கு எரியாது. அடுத்த நாள் எரியும் என்று தெரியும்.

ஒரு வருடமும் சொச்சமும் எடுத்தது. கடைசியாக முடிந்தது ஓர் உப்புவெளிக்காரருடைய படகில். பீப்பாயைக் கழுவின தண்ணீரையும் சேர்த்து மூன்று பீப்பாய் கழிவு நின்றது. நானா மூடியை வைத்து ஒட்டினார். வெளியே கொண்டுபோக இரண்டு முறை கடிதம் கொடுத்தோம். இரண்டு முறையும் மறுத்தார்கள். பிறகு ஒருவரும் கேட்கவில்லை, பீப்பாய்கள் பட்டறையிலேயே நின்றன.

பாஸைப் புதுப்பித்தார்கள். புதுப் படம் எடுத்தேன்.

மூக்கில் ஓட்டை அப்படியே இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் கொஞ்சம் பெருத்தது. அதற்குப் பிறகு நின்றுவிட்டது. விரலில் குழி ஆறித் தழும்பாகிவிட்டது. மழைக் காலத்தில் மூச்சு விடும்போது மூக்கு விசிலடிக்கும். நான் எங்கே இருக்கிறேன் என்று மனைவி அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள்.